என் வலது காலைப் பற்றிய தீர்ப்பு

ஒரகடம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் என் காலுக்கடியில் தரைவரை போனது. மூன்றாவது முறை. முன்னால் நின்ற கண்டெய்னர் லாரியின் கதவில் யாரோ தூசியில் விரலால் எழுதியிருந்த பெயரைப் படிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டேன். கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, சாலை வேலைக்காக ஓரத்தில் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் வண்டியை ஏற்றினேன். ஒரு குலுக்கலோடு நின்றது.

பின்னால் வந்த கம்பெனி பஸ் என்னைத் தாண்டும்போது டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"

ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் உள்ளே சிரித்தார்கள். நான் இன்ஜினை அணைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என் வலது காலைப் பார்த்தேன். அது இன்னும் பெடலை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

என் கணவர் புருஷோத்தமனுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், சீனியர் டெக்னீஷியன். நான் ஒரகடத்தில் வேறொரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். எங்கள் வீடு மண்ணூரில். அவருக்குத் தெருமுனையிலேயே கம்பெனி பஸ் வரும். என் ஷிப்ட் நேரத்துக்கு அந்தப் பக்கம் எந்த பஸ்ஸும் கிடையாது. அதனால் எங்கள் பழைய வெள்ளை வண்டியை, ஏழு பேர் உட்காரக்கூடியதை, வாரத்தில் ஆறு நாளும் நான்தான் ஓட்டுகிறேன். மகள் கவிப்பிரியாவைக் கல்லூரியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன். அவர் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கறிக்கடைவரை.

அவர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் வெயில் போய்விட்டது. என்னை இறங்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து பெடலை அமுக்கினார். கல் மாதிரி நின்றது.

"நல்லாத்தானே கீது?"

"அப்போ போச்சுங்க. தரைவரைக்கும் போச்சு."

"இப்போ நிக்குதே. நீயே அமுக்கிப் பாரு."

அமுக்கிப் பார்த்தேன். நின்றது. முதல் இரண்டு முறையும் இப்படித்தான். எனக்கு இல்லாத பிரேக் அவர் வந்ததும் வந்துவிடும். வண்டியும் அவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு என்னைப் பைத்தியமாக்குகிறார்களோ என்றிருக்கும். வீடுவரை அவரே ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வேண்டுமென்றே வேகமாகப் போய் அழுத்தி நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்று ஒவ்வொரு முறையும் நானும் சொன்னேன்.

சாப்பிடும்போது விசாரணையைத் தொடங்கினார். அவர்கள் கம்பெனியில் ஒரு பாகம் பழுதாகிவிட்டால் நான்கு விஷயங்களை அலசுவார்கள். மேன், மிஷின், மெட்டீரியல், மெத்தட். வேலை செய்த ஆள் சரியா, இயந்திரம் சரியா, போட்ட பொருள் சரியா, செய்த முறை சரியா. இந்த அலசலில் அவர் கெட்டிக்காரர். ஆண்டுவிழா மேடையில் ஏற்றிக் கேடயமே கொடுத்திருக்கிறார்கள்.

"மிஷின்," என்று ஒரு விரலை மடக்கினார். "போன தபாவே சிலிண்டர் கிட் மாத்தியாச்சு, பேட் மாத்தியாச்சு. ஓகே. மெட்டீரியல். மாசம் பொறந்தா மொத ஞாயித்துக்கெழம நானே பானெட்டைத் தொறந்து எல்லாம் என் கையால ஊத்தறேன். ஓகே. மெத்தட். நான் ஓட்டினா பிடிக்குது. ஓகே."

ஒரு விரல் மட்டும் மடங்காமல் நின்றது. அதற்குரிய பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

"மேன்னா ஆம்பளதானேப்பா?" என்றாள் கவிப்பிரியா. "அப்போ நீதான்."

"சாப்புடுடி, வாயாடி."

என் மாமியார் முனியம்மாளுக்கு விரல்கள் தேவைப்படவில்லை. "இதுக்குப் போயி இங்கிலீஸ் இன்னாத்துக்குடா? அவ கை ராசி அப்டி. நீ ஓட்டினா நிக்குது, அவ ஓட்டினா போவுது. வண்டிக்குப் பூசணிக்கா சுத்தி ஒடைச்சிட்டு சாவிய நடேசன்கிட்ட குடு. வூட்டு வண்டி வூட்டுலதான இருக்கும்."

நடேசன் என் கொழுந்தன். மறைமலை நகரில் கால் டாக்சி ஓட்டுகிறான்.

"குடுத்துடலாம்மா," என்றார் என் கணவர். "இவ ஷேர் ஆட்டோவுல போயிக்கட்டும். உயிர்தான் முக்கியம்."

என் உயிர்மேல் அக்கறை. அதை மறுத்து என்ன பேசுவது? வாயைத் திறந்தால் நன்றி கெட்டவள் ஆவேன். வரும் ஞாயிறு காலை வாசலில் வண்டிக்குப் பூஜை, சாவியை நடேசனிடம் கொடுப்பது, பிறகு அவன் ஓட்ட, வாலாஜாபாத் தாண்டி இருக்கும் குலதெய்வம் பொன்னியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போவது என்று முடிவாயிற்று. நான் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாவி எனக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மகளை இறக்கிவிட்ட பிறகு ஒரகடம் வரும்வரை வண்டிக்குள் நான் மட்டும்தான். என் பெயரை யாரும் கூப்பிடாத நேரம், ஒரு நாளில் அது ஒன்றுதான். பாட்டுகூடப் போடமாட்டேன். சிக்னலில் நிற்கும்போது எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன், என்ன நினைத்தேன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு நடுவில் மடியில் பையை வைத்துக்கொண்டு போகும்போது மனசுக்குள்ளும் அந்த நான்கு பேர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எப்படிச் சொல்வது?

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நானே அந்தத் தீர்ப்பை நம்பத் தொடங்கியிருந்தேன். இரண்டாவது முறை பிரேக் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். மெட்டி இடறுகிறதோ என்று அதையும் கழற்றி, ஓட்டும்போது மட்டும், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குழியில் போட்டுவைத்தேன். குளிக்கும்போது அந்தக் காலை மட்டும் தனியாகத் தேய்த்துப் பார்ப்பேன். மரத்துப்போயிருக்கிறதா? சொன்ன பேச்சைக் கேட்காத கால் என்று ஒன்று உண்டா? நாற்பது வயதில் ஒருத்திக்குத் தன் காலையே நம்ப முடியாமல் போனால் அதன்மேல் நின்று அவள் எதைச் செய்வாள்?

வெள்ளிக்கிழமை முதலுதவி அறைக்கு மாரிசெல்வம் என்ற ஒப்பந்தத் தொழிலாளியைக் கூட்டிவந்தார்கள். தென்காசிப் பக்கத்துப் பையன். திருமணமாகி ஒரு குழந்தை இருப்பதாக முன்பு ஒருமுறை மாத்திரை வாங்க வந்தபோது சொல்லியிருக்கிறான். இயந்திரக் கதவு கையில் இறங்கி இரண்டு விரல் நுனி நசுங்கியிருந்தது. கூட வந்த சூப்பர்வைசர், நான் பஞ்சை எடுப்பதற்குள்ளேயே, "கேர்லெஸ்னஸ் சிஸ்டர். தூங்கிட்டான்," என்றார்.

இது எனக்குப் பழகிய வாக்கியம். அடிபட்டவர்கள் வழக்கமாகத் தலையாட்டுவார்கள். ஏன் ஆட்டுகிறார்கள் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பயம் ஒரு காரணம். ஆனால் பயம் மட்டுமில்லை. தப்பு தன்னுடையது என்றால் அடுத்த முறை கவனமாக இருந்து தப்பித்துக்கொள்ளலாம். தப்பு இயந்திரத்துடையது என்றால் நாளைக்கும் அதே இயந்திரத்தின் முன்னால்தானே போய் நிற்க வேண்டும்? அதனால்தான் தலையாட்டுகிறார்கள். அதனால்தான் நானும் மெட்டியைக் கழற்றினேன்.

மாரிசெல்வம் தலையாட்டவில்லை.

"நான் தூங்கல சார். சென்சார் வேல செய்யலன்னு காலைலயே உங்ககிட்ட சொன்னேம்லா?"

"டேய், அடிபட்டுக்கிட்டு பேச்சைப் பாரு."

"அடிபட்டதுனாலதான் பேசுதேன். சொன்னேன்னு எழுதுங்க."

வலியில் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சூப்பர்வைசர் வெளியே போகும்வரை அதையே மூன்று தடவை சொன்னான், ஒரே குரலில், கெஞ்சாமல். பிறகு அவனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவன் சொன்னதை எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை வண்டியில் ஏறியதும் குழியிலிருந்த மெட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வழி முழுக்க இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி வீட்டுக்கு ஓட்டினேன்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். வழக்கமாக வண்டியைக் காட்டும் மெக்கானிக்கிடம் போகவில்லை. அவர் என் கணவரின் சிநேகிதர். நான் போனால் உடனே அங்கே போன் போகும். ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் சாம்சன் ஒர்க்‌ஷாப்பில் மெதுவாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். யூனிபார்மைப் பார்த்துவிட்டு சாம்சனும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். கதையைக் கேட்டார். பெடலை அமுக்கினார்.

"நல்லாத்தானே கீது சிஸ்டர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல சிரிக்க இன்னா கீது? லேடிஸ் ஓட்டற வண்டில இது சகஜம். பயத்துல பிரேக் மேலயே கால வெச்சிக்கினு ஓட்டுவீங்க. சூடாயிடும். கால எடுத்து எடுத்து ஓட்டுங்க."

"ஏறுங்க," என்றேன்.

"எங்க?"

"பக்கத்துல உக்காருங்க. நான் எப்ப கால வெக்கிறேன், எப்ப எடுக்கறேன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"கஸ்டமர் வர்ற நேரம் சிஸ்டர்."

"நானும் கஸ்டமர்தான். நீங்க ஏறாம நான் எடத்தவிட்டு நகரப் போறதில்ல."

முனகிக்கொண்டே ஏறினார். பிளாட் போட்டும் கம்பெனி எதுவும் வராத சிப்காட் உள்சாலைக்குள் திருப்பினேன். அகலமான சாலை. ஓரத்தில் மேயும் மாடுகளைத் தவிர யாருமில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நிறுத்தி எடுத்தேன். சாம்சன் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வெச்சிட்டீங்க. எடுத்துட்டீங்க. வெச்சிட்டீங்க. எடுத்துட்டீங்க. கரீட்டாதான் ஓட்றீங்க. ஆனா..." நிமிர்ந்தார். "கால எடுத்துட்டீங்களே, வண்டி இன்னும் பிடிச்சிக்கினு கீதே? இழுக்குதே?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல கருகற வாசனை வரும்."

வந்தது. அவர் ஜன்னலை இறக்கினார். "போதும் சிஸ்டர், திரும்பிடலாம்" என்று அவர் சொன்னபோது அடுத்த வேகத்தடைக்காகக் காலை வைத்தேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் கீழே போயிற்று.

"ஏசப்பா! ஹேண்ட் பிரேக்கு, ஹேண்ட் பிரேக்கு!"

"தெரியும். கைய எடுங்க அங்கருந்து."

ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தோம். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கி, ஹேண்ட் பிரேக்கில் நின்றது. சாம்சன் குனிந்து பெடலைக் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். ஈர மண்ணில் இறங்குவதுபோல அது இறங்கியது. மறுபடி அமுக்கினார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது என் கண்ணில் தண்ணீர் இருந்தது. பயந்துவிட்டேன் என்று நினைத்து, "ஒண்ணுமில்ல சிஸ்டர், நின்னுச்சில்ல" என்றார். அந்தப் பெடல் இன்னொருவர் கையிலும் தரைவரை போகும் என்று பார்த்துவிட்ட சந்தோஷம் அது. அதை அவரிடம் எப்படி விளக்குவது?

ஆறியதும் பெடல் திரும்பி வந்தது. அதையும் அவரையே அமுக்கிப் பார்க்கச் செய்தேன். அவர் இந்த முறை நல்லாத்தானே கீது என்று சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு ஊர்ந்து வந்ததும் பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் ஊற்றும் சிறிய டப்பாவின் மூடியைக் கழற்றினார். மூடிக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் இரண்டு மடங்காக ஊதி, கோணலாகத் தொங்கியது.

"தயிர்வடை மாதிரி ஊறிப்போய்க் கீது பாருங்க. இதுல இன்னா ஊத்தறீங்க?"

"பிரேக் ஆயில்தான்."

"இல்லியே. வேற எதுவோ கலந்து கீது. பிரேக்குக்குன்னு தனி ஆயிலு. வேற ஆயில் பட்டா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊதிக்கும். ஊதினா பிரேக்க விடாம பிடிச்சிக்கும். ஓட ஓட சூடேறி ஆயிலு கொதிக்கும், கொதிச்சா பெடல்ல காத்துதான். ஆறினா திரும்பி வந்துடும். நீங்க சிலிண்டர் மாத்தி இன்னா பிரயோஜனம், திரும்பத் திரும்ப அதையே ஊத்தினா?"

ஒரு துணியில் தொட்டு என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. துணி பக்கத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. இருபது வருடமாக அந்த வாசனையைத்தான் நான் துவைக்கிறேன். என் கணவரின் யூனிபார்ம் காலரில், தலையணை உறையில், அவர் கையை என் தோளில் வைக்கும்போது நகக்கண்ணில் இருக்கும் பிரஸ் ஷாப் எண்ணெய். மாடிப்படிக்கு அடியில் ஒரு வெள்ளைக் கேன் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அதைத்தான் அவர் எடுத்துவருவார்.

"வண்டிய யாரு மெயின்டெயின் பண்றது?" என்றார் சாம்சன்.

"வீட்டுக்காரர்."

அவர் ரப்பர்களையும் ஹோஸ்களையும் மாற்றி, உள்ளே முழுக்கக் கழுவி, புது ஆயில் ஊற்றி முடிக்கும்வரை நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். ஊதிப்போன ரப்பர்களை வாங்கி, பஞ்சு வைக்கும் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தேன்.

அந்த எண்ணெயை அவர் கெட்ட எண்ணத்தில் ஊற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் கம்பெனியில் வீட்டளவு பெரிதாக நிற்கும் ஜப்பான் பிரஸ்ஸுக்கு ஊற்றுகிற எண்ணெய் என்றால் அவருக்குத் தீர்த்தம் மாதிரி. அதைவிட நல்லது எங்கள் பழைய வண்டிக்கு எது இருக்க முடியும் என்று நினைத்திருப்பார். தனியாகக் கூப்பிட்டு, மெதுவாக, அவர் மனம் நோகாமல் சொல்லிவிடலாம் என்றுதான் படியேறினேன்.

அவர் மாடி வராந்தாவில் போனில் இருந்தார்.

"ஆமாண்டா நடேசா, காலைல வந்துடு. இல்லல்ல, சண்டைலாம் ஒண்ணுமில்ல. அவளே குடுத்துடறேன்னுட்டா. பயந்துட்டா பாவம். எங்க கம்பெனி பஸ்ல கூட சொல்லிக்கினு இருந்தேன், எல்லாரும் சிரிக்கறானுங்க."

அவளே கொடுத்துவிடுகிறேன் என்றுவிட்டாள். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. அவர் பொய் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் மௌனத்தை அப்படிப் படித்திருக்கிறார். நான் உள்ளே போய் தோசைக்கு மாவு கலக்கினேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் எண்ணம் என்னைவிட்டுப் போய்விட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு. காலையிலேயே வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாவி. மாமியார் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காவேரி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். என் கணவர் பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். மாடிப்படிக்கு அடியிலிருந்து வெள்ளைக் கேனை எடுத்துவந்து, பிரேக் டப்பாவின் மூடியைத் திருகினார். நான் போய் அதன் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"ஊத்தாதீங்க."

"இன்னா பண்ற? பூஜை நேரத்துல."

"இதனாலதான் பிரேக் போவுது. இது பிரேக் ஆயில் இல்ல. நேத்து பிரிச்சுப் பாத்தாச்சு. எல்லாம் மாத்திக் கழுவி கொண்டாந்திருக்கேன்."

அவர் முகம் போன போக்கில், நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கேனைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"உள்ள வா. பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம்."

"சத்தம் போடாத. கம்பெனி கேட்டைத் தாண்டி எடுத்துக்கினு வந்ததுன்னு தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா?"

"கம்பெனியில போய் நான் சொல்லப் போறதில்ல. இங்க இருக்கறவங்ககிட்டதான் சொல்றேன். என்னைப் பத்தி இவங்ககிட்டதான சொன்னீங்க?"

சாவி வாங்க வந்து நின்ற நடேசன் குனிந்து கேனை முகர்ந்தான். "ண்ணா! இது உங்க மிஷினுக்கு ஊத்தறதாச்சே? இதையா பிரேக்குல ஊத்தின?"

"டேய், ஜப்பான்காரன் மிஷினே இதுலதாண்டா ஓடுது. இதவிட சுத்தமான ஆயில் இன்னா கீது?"

"ஓட வெக்கறதுக்கு ஊத்தறதைக் கொண்டாந்து நிறுத்தறதுக்கு ஊத்தினா?" நடேசன் சிரித்தான். கவிப்பிரியாவும் சிரித்தாள். நான் கவரைப் பிரித்து ரப்பர்களை மாமியாரின் கையில் கொட்டினேன்.

"இது இன்னாடி, கொழுக்கட்டையாட்டம்?"

"உங்க பையன் ஊத்தின எண்ணெயில ஊறினது அத்தை. இதுதான் என் ராசி."

அவர் ரப்பரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். எனக்குள் ஏதோ ஒன்று, வெட்கமில்லாமல், அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"புள்ள வூட்டுக்குன்னு ஆசையா கொண்டாந்தான். அதுல இன்னா தப்பு? எண்ணெ மேல பழி போட்டா ஆச்சா? நீ ஓட்டசொல்லோதான போச்சு?"

"நான்தான் தினமும் ஓட்டறேன் அத்தை. யார் ஓட்டறாங்களோ அவங்ககிட்டதான் போவும்."

இவ்வளவு சின்ன விஷயம். இத்தனை மாதம் என் வாய்க்கு வரவில்லை. ஊர்ந்து கறிக்கடைக்குப் போகிறவரிடம், முழுக்க ஆறிய பிறகு வந்து ஓட்டுகிறவரிடம் எப்படிப் போகும்? அவமானத்தோடு யோசித்ததால் கண்ணெதிரே இருந்ததுகூடத் தெரியாமல் போயிருக்கிறது.

மாமியார் உதட்டைச் சுழித்துக்கொண்டார். ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான், அவர் ஒப்புக்கொள்வதற்காக இனி நான் காத்திருக்க வேண்டியதில்லை என்பது புரிந்தது. தாம்பாளத்திலிருந்த சாவியை எடுத்தேன்.

"ஏய், அது நடேசனுக்கு வெச்சது."

"அண்ணி ஓட்டட்டும்மா," என்றான் நடேசன். "வாரம் முழுக்க ஊரான் வண்டிய ஓட்டறேன். இன்னிக்காவது பின்னாடி சாஞ்சி தூங்கறேன்."

"பூசணிக்கா ஒடைக்காம எடுக்கப்படாது."

"ஒடைங்க அத்தை. என்னைச் சுத்தி வேண்டாம். அந்தக் கேனைச் சுத்தி ஒடைங்க."

பானெட்டை மூடினேன். கவிப்பிரியா ஓடிவந்து நடுவரிசையில் ஏறினாள். நடேசன் அவளுக்குப் பக்கத்தில். மாமியார் பூசணிக்காயைத் தனியாக நின்று உடைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே முன்கதவைத் திறந்தார். "எனக்கு முன்னாடிதான். பின்னாடி உக்காந்தா கொமட்டும்."

என் கணவர் கேனை உள்ளே வைத்துவிட்டு வந்து, வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய் நின்று தட்டினார். "வா... வா... லெப்ட்ல ஒடி."

"ஏறுங்க. எனக்குக் கண்ணாடி இருக்கு."

கடைசி வரிசையில் குனிந்து ஏறி உட்கார்ந்தார். நான் இன்ஜினைப் போட்டு, ரிவர்ஸ் கியர் மாற்றி, பிரேக்கில் காலை வைத்தபடியே இருந்தேன்.

"எடுடி," என்றார் மாமியார்.

"உங்க பையன் சொன்னதும் எடுக்கறேன்."

"அவன் இன்னா சொல்லணும்?"

"அவருக்குத் தெரியும்."

கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. கோபமாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் கெஞ்சலும் இருந்தது. வழக்கமாக அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் நான் இளகிவிடுவேன். இப்போதும் இளகினேன், ஆனால் காலை எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் இருக்கலாம், வண்டியும் நின்றுகொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

"இன்னா விளையாட்டு இது காவேரி? பெட்ரோல் வேஸ்ட்டு."

எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். நடேசன் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்ல நேரம் போவுதுடா!" மாமியார் பின்னால் திரும்பிக் கத்தினார். "இன்னா சொல்லணுமோ அத்தச் சொல்லித் தொலையேன்! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

என் கணவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலப்பா," என்றாள் கவிப்பிரியா.

"நான் ஊத்தின ஆயில்தான். அவ காலு மேல தப்பில்ல. போதுமா?"

"நாளைக்கு உங்க பஸ்லயும் சொல்லணும்," என்றேன். "அவங்கதான சிரிச்சாங்க? எந்த ஆயில்னு சொல்ல வேணாம். தப்பு என்னுதில்லன்னு சொன்னா போதும்."

அவர் பார்வையைக் கண்ணாடியிலிருந்து விலக்கிக்கொண்டு, "சரி, எடு," என்றார்.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் நகர்ந்து தெருவில் இறங்கியது. பால்காரரின் சைக்கிள் குறுக்கே வந்தது. அழுத்தினேன். நின்றது. "பாத்து ஓட்டுடி," என்றார் மாமியார், முன்சீட் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"பாத்துதான் ஓட்டறேன் அத்தை. பெல்ட்டைப் போடுங்க."